மூன்று குடை போட்ட புத்தகம்

இரோசின்
மார்ச் 9, திங்கள்

அன்பு மகள் ஜோராலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் தம்பி டான்டோய்க்கு மட்டும் இருமல், எரிமலைச் சாம்பல் விழுந்த அன்று மூக்கில் துணி கட்டாமல் டிரைசைக்கிளில் சவாரி ஓட்டினான், சொன்னால் கேட்கிற வயதா அவனுக்கு. அவன் பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறாள். சந்தையில் நம் வாடகைப் புத்தகக் கடைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியதால் புத்தகங்கள் தப்பித்தன, மேல் வரிசையில் மட்டும் சாம்பல் படிந்து அட்டையில் இருக்கிற கதாநாயகர்களுக்கெல்லாம் ஒரே நாளில் தலை நரைத்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். சுகமா என்று கேட்கவில்லை. கேட்டால் போனில் சொல்வதையே திரும்பச் சொல்வாய், நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மா, அதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஏன் கத்துகிறாள் என்று கேட்காதே.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். நீ பேசும்போதெல்லாம் உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற ரோடெல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு. செய்தி அனுப்பினால் உனக்கு முன்னால் அவன் பார்க்கிறான். போன வாரம் உன் விடுமுறை நாளில் நான் அனுப்பியதற்கு நீ தூங்குகிறாய் என்று அவன்தான் பதில் போட்டான், மிலானில் அப்போது மத்தியானம் ஒரு மணி, நீ எந்தக் காலத்திலடி மத்தியானம் தூங்கினாய். அதனால் நம் தெரு நெலியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக லீவில் வந்தவள், வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள். அவர்கள் இருவரும் இருக்கிற வீட்டுக்குப் போகாதே, ஜோராலின் பார்த்துக்கொள்கிற கிழவியம்மா வீட்டில் பகல் நேரத்தில் கையில் கொடு என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். கடிதத்தைக் கதைப் புத்தகத்துக்குள் வைத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். ரோடெல் கதைப் புத்தகத்தைத் தொடமாட்டான். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்தபோது நம் கடையைப் பார்த்துவிட்டு, பெண்கள் அழுவதற்குக்கூட வாடகை கொடுக்கிறார்களா என்று சிரித்தானே. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

நெலியா ஒரு சந்தேகம் கேட்டாள், ஜோராலின் புத்தகத்தைத் திறக்காமலே அலமாரியில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று. அவளுக்கு நம் கடைப் பழக்கம் தெரியவில்லை, பாவம், படிக்கிற வீட்டில் பிறக்கவில்லை. வாடகைக்குப் படிக்கிறவளுக்குத் தலைப்பு நினைவிருக்காது, எல்லாத் தலைப்பிலும் இதயம், புயல், முத்தம் என்றுதானே இருக்கும், அட்டையும் ஒன்றுபோல இருக்கும், அதனால் படித்து முடித்ததும் தனக்கென்று வைத்திருக்கிற ஒரு பக்கத்தில் ஒரு குறி போடுவாள், அடுத்த முறை எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பாள் என்று அவளுக்கு விளக்கினேன். முட்டைக்கடை சியோனிங் அக்கா ஐம்பதாம் பக்கத்தில் முட்டை வரைகிறாள். நான் நம் கடை எண்ணை வைத்து நாற்பத்தொன்றில் மீன். நீ பன்னிரண்டு வயதில் எனக்கும் அதே பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, என் மீனுக்குப் பக்கத்தில் குடை வரைய ஆரம்பித்தாய். ஆகவே நீ இதை எங்கே கண்டெடுத்தாய் என்று எனக்குத் தெரியும், அங்கேதான் வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நீ அனுப்பிய பெட்டி வந்தது. சோப்பும் துண்டும் சாக்லேட்டும் அக்கம்பக்கத்தில் பங்கு வைத்தாகிவிட்டது, டின் மாட்டிறைச்சியை டான்டோய் ஒரே வாரத்தில் முடித்துவிட்டான். அடியில் பதினோரு கதைப் புத்தகங்கள், அங்கே வேலை பார்க்கிற நம் ஊர்ப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து ஓய்ந்தவை. கடையில் வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் நான் படித்துவிட்டேன், வழக்கம்தானே. நாற்பது வருஷமாகப் படிக்கிறேன், முப்பது வருஷமாக வாடகைக்கு விடுகிறேன், இந்த வருஷம் வந்த மாதிரி மட்டமான சரக்கை நான் பார்த்ததில்லை. முதலில் எடுத்தது கரும்புத் தோட்டத்து முதலாளி மகன் கதை. முப்பது வயது, ஹெலிகாப்டர் வைத்திருக்கிறான், ஒரு நாளாவது வேலைக்குப் போனான் என்று ஒரு வரி கிடையாது. சலவைக்காரி மகள் அவனைப் பார்க்கும்போதெல்லாம் மயங்கி விழுகிறாள், நான் எண்ணினேன், நாலு முறை, நாலு முறையும் சரியாக அவன் கையில்தான் விழுகிறாள், வெறும் தரையில் ஒரு முறை விழுந்தால்தான் என்ன. சியோனிங் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அது ரத்தசோகைடி. தினம் ரெண்டு முட்டை திங்கச் சொல்லு, மயக்கமும் போயிடும், காதலும் போயிடும்" என்றாள். அவளுக்கு எதைச் சொன்னாலும் முட்டை விற்க வேண்டும்.

அடுத்தது கப்பல் கொலைக் கதை. சேபுவுக்குப் போகிற கப்பலில் ஒரு டாக்டர் செத்துக் கிடக்கிறார், கப்பல் குறித்த நேரத்துக்குச் சரியாகக் கிளம்பியது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது, அப்போதே இது பொய்க் கதை என்று புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். நான் முப்பதாம் பக்கத்திலிருந்து சமையல்காரனைச் சந்தேகப்பட்டேன், காரணத்தோடுதான், தான் வைத்த சூப்பைத் தானே ருசி பார்க்காத சமையல்காரன் உலகத்தில் உண்டா. கடைசியில் பார்த்தால் கொன்றது டாக்டரின் இரட்டைச் சகோதரனாம். நூற்றுத் தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் அப்படி ஒருவன் பிறந்ததாகவே பேச்சில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த சேப்ப இலைக் கறி தேங்காய்ப் பால் வற்றிக் கருகிவிட்டது, டான்டோய் முணுமுணுத்துக்கொண்டே தின்றான். கொலைக் கதை எழுதுகிறவன் குறிப்பை ஒளித்து வைக்கலாம், இல்லாமல் செய்யக் கூடாது. நல்ல கொலைக் கதையில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் கிடக்கும், நாம்தான் பார்க்காமல் விட்டிருப்போம். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன். மூன்றாவது, கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு ஞாபகம் போய்விடுகிறது, மணப்பெண் சமைத்த அடோபோ கறி வாசனையில் திரும்பி வருகிறது. நான் உன் அப்பாவுக்கு இருபத்தைந்து வருஷம் அடோபோ சமைத்தேன், என் பிறந்தநாள்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. மற்றதைப் பற்றி எழுதினால் காகிதம் வீண், ஆறு புத்தகத்தில் ஐந்து முதலாளிகள், ஒரு இளவரசன்.

இந்தக் குப்பைக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல புத்தகம் இருந்தது, இப்போது உன் கையில் இருக்கிறதே, அட்டையில் உயரமான அடுக்குமாடிக் கட்டடம், அதுதான். மணிலாவில் இருபதாவது மாடி வீட்டில் ஒரு மனைவி, சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, அவளுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள், அவளும் நம்புகிறாள். கணவன் குரலை உயர்த்திப் பேசவே மாட்டான், அதைப் படிக்கப் படிக்கத்தான் எனக்கு முதுகு சில்லிட்டது. எழுதினவள் யாரோ விஷயம் தெரிந்தவள். கடைசியில் கொலையும் இல்லை, கல்யாணமும் இல்லை, அவள் ஒரு சந்தைப் பையோடு மீன் வாங்கப் போகிறவள்போல இறங்கி பஸ் ஏறிவிடுகிறாள், அவ்வளவுதான். சியோனிங் அக்கா எப்போதும் கடைசிப் பக்கத்தைத்தானே முதலில் படிப்பாள், இதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் ஒரு கதையா என்று திருப்பி வைத்துவிட்டாள். எனக்கோ கையைத் தட்ட வேண்டும்போல இருந்தது. முடித்ததும் மீன் போட நாற்பத்தொன்றைத் திருப்பினேன். உன் குடை இல்லை. பெட்டியில் வந்த மற்ற பத்திலும் இருக்கிறது, ரத்தசோகைக்காரி கதையில்கூட இருக்கிறது, இதில் இல்லை. நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் ஒரு டிராம் சீட்டு அடையாளத்துக்குச் செருகியிருந்தது, அதற்குப் பிறகு பக்கங்கள் புதிசுபோல மொடமொடவென்று இருந்தன. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவளுடைய சிநேகிதி அவளை உட்கார வைத்துக் கேட்கிறாள், கல்யாணத்துக்கு முன்னால் உன்னிடம் இருந்தவற்றில் இப்போது எது எது இல்லை, ஒவ்வொன்றாகச் சொல் என்று. அந்த இடத்தில் நீ நிறுத்திவிட்டாய். எந்தக் கதையையும் பாதியில் விடாதவள், சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்ததற்காக என்னிடம் அடி வாங்கினவள், அங்கே நிறுத்திவிட்டாய்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெள்ளைத் தொப்பி போட்ட கேப்டன் அட்டையை எடுத்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதையைப் பற்றி நான் என்ன சொல்ல. கப்பலில் வேலைக்கு வந்த பெண் சமையல்காரனோடு சிரித்துப் பேசுகிறாள், கேப்டன் அவளைத் தன் அறையில் வைத்துப் பூட்டுகிறான், அவள் போனைக் கடலில் எறிகிறான், புயல் வருகிறது, பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அவன் மண்டியிட்டு அழுகிறான், அவள் அவன் தலையைத் தடவிக் கொடுக்கிறாள், கல்யாணம். படித்து முடித்துச் சுவரில் எறிந்தேன். பக்கத்தின் மூலையை மடித்தாலே அபராதம் போடுகிறவள் நான், எறிந்தேன். பிறகு எடுத்துத் தூசி தட்டி நாற்பத்தொன்றைத் திருப்பினால், மூன்று குடை. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று ஊதா. மறந்துபோய் இரண்டாம் முறை எடுப்பதைத் தடுக்கத்தானே குறி. குறியைப் பார்த்துவிட்டும் மறுபடி படித்து, மறுபடி குறி போட்டிருக்கிறாய். எதைத் தேடினாய் அதில், ஜோராலின். அந்த அறையிலிருந்து வெளியே வருகிற வழியையா, உள்ளேயே இருந்துவிடலாம் என்கிற சமாதானத்தையா. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் அதே ஊதா மையில் கோடு போட்டிருக்கிறாய். கப்பல் பெண் சொல்கிற வரி. பூட்டினது கோபத்தில் இல்லை, என்மேல் உயிராக இருப்பதால்தான் என்று.

சிநேகிதி கேட்டாளே, அதற்கு நானே பதில் சொல்ல ஆரம்பித்தேன், கடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டே, உனக்காக. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தாய், இப்போது நேரமில்லை என்கிறாய். பாஸ்போர்ட் அவன் பெட்டியில் இருக்கிறது, பத்திரத்துக்காம். நெலியா அங்கே நாலு முறை உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாளாம், உள்ளே விளக்கு எரிந்தது, யாரும் திறக்கவில்லை, இதை அவள் வாயிலிருந்து வரவழைக்க நான் இரண்டு தட்டு பலகாரம் வைக்க வேண்டியிருந்தது. பிறகு உன் சிரிப்பு. நம் வீட்டு மேசையில் கிறிஸ்துமஸ் அன்று டான்டோய் ஏதோ சொன்னதற்கு நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், ரோடெல் புன்னகை மாறாமல் உன் மணிக்கட்டின்மேல் கையை வைத்தான், நீ சட்டென்று நிறுத்திவிட்டாய். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா, எவ்வளவு ஆசை பார் என்று நினைத்தேன். வந்த முதல் நாளே என்னை அம்மா என்றான், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான், எனக்குப் பூ வாங்கி வந்தான், அட்டையில் இருக்கிற ஆள் இறங்கி வந்து நம் வீட்டில் சோறு தின்கிற மாதிரி நான் பூரித்துப்போனேன். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. கப்பல் கொலைக் கதைக்காரனைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்.

இப்போது நான் சொல்லப்போவதை இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை. உனக்கு ஒன்பது வயது, டான்டோய்க்கு ஐந்து. கடையில் மீன்காரன் ஏதோ வேடிக்கை சொன்னான், நான் சிரித்தேன், உன் அப்பா பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னை அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணிலா பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். யாரையும் கூப்பிடாதே, தெருவில் சிரிப்பார்கள் என்று உன்னிடம் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன், நீயும் கூப்பிடவில்லை. தம்பிக்குச் சோறு போட்டுவிட்டு வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாய். கீழே இரண்டு விரல் இடைவெளி. பன்னை நசுக்கித் தட்டையாக்கித் தள்ளினாய், வறுத்த கருவாட்டைத் தள்ளினாய், பிறகு எனக்குப் பொழுது போகாது என்று நீயாகவே நினைத்துக் கடைப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாய், மெல்லிசான புத்தகங்கள்தானே, நுழைந்தன. நான் அந்த ஒன்றரை நாளில் ஐந்து கதை படித்தேன். கதவு திறந்த பிறகு, அவர் குளிக்கப் போனதும், நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஏம்மா பூட்டினாரு?" என்று கேட்டாய். "என் மேல உசிருடி அவருக்கு, அதான்" என்றேன். அது என் வார்த்தை இல்லை, ஜோராலின். அந்த அறையில் படித்த ஐந்தில் ஒன்றில் இருந்த வார்த்தை. ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சொல்ல எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை, படித்ததை அப்படியே கொடுத்துவிட்டேன். இருபது வருஷம் கழித்து நீ அதே வரிக்கு ஊதா மையில் கோடு போட்டு எனக்கே பெட்டியில் அனுப்பியிருக்கிறாய். யார்மேல் கோபப்படுவேன் நான்.

அது பொய்யடி. இப்போது எழுதிக் கொடுக்கிறேன், அது பொய். உயிராக இருந்ததால் பூட்டவில்லை, பூட்டினால் கேட்க ஆளில்லை என்பதால் பூட்டினார். நான் அவரைவிட்டுப் போகாததற்கும் அன்பு காரணமில்லை. ஒவ்வொரு கதையிலும் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அவன் மாறுகிறானே, நம் வீட்டிலும் அந்த அத்தியாயம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது, அவர் ஆன்மா இளைப்பாறட்டும், ஒவ்வொரு வெள்ளியும் மெழுகுவர்த்தி ஏற்றத்தான் செய்கிறேன், ஆனால் அந்த அத்தியாயம் வரவே இல்லை. கேப்டன் புத்தகத்தைச் சியோனிங் அக்கா கேட்டாள், கடைசியில் கல்யாணம் என்று பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. கொடுக்கவில்லை. கிழித்துக் கரி அடுப்புப் பற்றவைத்தேன். முப்பது வருஷத்தில் நான் எரித்த முதல் புத்தகம், சோறு நன்றாகவே வெந்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ரோடெலின் அப்பாவும் அம்மாவும் படாங்காஸிலிருந்து பெண் கேட்டு நம் வீட்டுப் படி ஏறுகிறார்கள். பிப்ரவரியில் அவன் அம்மா போன் செய்தபோது நான்தான் பல்லை இளித்துக்கொண்டு வாருங்கள் என்று நாள் சொன்னேன், பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறதுதானே வழக்கம், பெண் அங்கே, மாப்பிள்ளை அங்கே, இங்கே நாலு கிழங்கள் உட்கார்ந்து என்ன பேசுவது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. விருந்துக்குப் பன்றியை அவர்களே கொண்டுவருகிறார்களாம். வரட்டும். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பமாட்டேன், சமைப்பேன், பரிமாறுவேன். சாப்பிட்டு முடித்துக் கேட்பார்களே, அப்போது சம்மதம் என்கிற வார்த்தை என் வாயிலிருந்து வராது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்றா என்று இப்போதே கேட்கிற உன் சித்தி என்ன சொல்வாள், ஊர் என்ன சொல்லும், எல்லாம் யோசித்துவிட்டேன், சொல்லிக்கொள்ளட்டும். டான்டோய்க்கும் விஷயம் சொல்லிவிட்டேன், அவன் அன்று வண்டி எடுக்காமல் வாசலில் இருப்பான். நான் தப்பாகப் படித்துவிட்டேன், ரோடெல் நல்லவன்தான் என்றால், நீ தனியாக விமானம் ஏறி வா, என் எதிரில் நின்று, உன் மணிக்கட்டில் யார் கையும் இல்லாமல் அதைச் சொல், நானே பத்திரிகை எழுதுகிறேன்.

இல்லையென்றால் கேள். நெலியா அறையில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்கிறாள். பாஸ்போர்ட்டுக்காக அவனிடம் மல்லுக்கு நிற்காதே, தூதரகத்தில் போய் உள்ளதைச் சொன்னால் வழி சொல்வார்களாம், நெலியா கூட வருவாள். துணிமணியைப் பற்றிக் கவலைப்படாதே, பெட்டி எடுத்தால் பார்ப்பான், சந்தைப் பை போதும், உன் கையில் இருக்கிற புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது, நீதான் அதுவரை படிக்கவில்லை. கிழவியம்மாவிடம் மட்டும் நேரில் சொல்லிவிட்டுக் கிளம்பு, உன்னை நம்பி இருக்கிறவள். நான் முதலில் எப்படிப் பேசுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன படிக்கிறாய் என்று வழக்கம்போலக் கேட்பேன். "அடுக்குமாடி புத்தகத்தை முடிச்சிட்டேன்மா" என்று ஒரு வார்த்தை சொல், நீ கிளம்பத் தயார் என்று எனக்குப் புரிந்துவிடும். ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, கதைப் புத்தகப் பேச்சென்றால் அவன் காதைக் கொடுக்கமாட்டான். அந்த ஞாயிறு சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு கேட்பேன், அதற்கடுத்த ஞாயிறும் கேட்பேன், எனக்கு வேறு வேலை என்ன.

நெலியாவிடம் பிலி பருப்பு மிட்டாய் கொடுத்திருக்கிறேன், ஒன்றைக் கிழவியம்மாவுக்குக் கொடு, பல் இருந்தால். குளிரில் காதை மூடிக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே கழுத்தெலும்பு தெரிந்தது. கத்திவிட்டேன் என்று வருத்தப்படாதே, இதில் பாதிக் கோபம் என்மேல், உனக்குப் போய்ச் சேர வேண்டியது மிச்சம்தான். ஆசி வாங்க என் புறங்கையை உன் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாக நினைத்துக்கொள், மாதாவும் உன் காவல் தூதரும் நீ போகிற தெருவிலெல்லாம் கூட வரட்டும். கடிதத்தைப் படித்ததும் அங்கேயே கிழித்துப் போடு, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. புத்தகத்தைக் கொண்டுபோ. அன்றைக்கு நான் உள்ளே இருந்தேன், நீ வெளியே உட்கார்ந்து கதவுக்கு அடியில் புத்தகம் தள்ளினாய். இப்போது நீ உள்ளே இருக்கிறாய், நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், தள்ளுகிறேன், எடுத்துக்கொள். நாற்பத்தொன்றில் என் மீனைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன், முடித்துவிட்டு உன் குடையைப் போடு.

உன் அம்மா,
எர்மினியா
கடை எண் 41, இரோசின் சந்தை